நட்சத்திரக் குறிக்குள் ஏழு பேர்

என் அக்காவிடமிருந்து ஒரு விஷயத்தை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று அவள் வீட்டுக்காரர், என் மாமா, பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார். "பத்துக்குக் கீழ" என்பாள். அவர் ஒன்பது பேருக்குச் சமைப்பார். நானும் என் மனைவியும் மட்டும் போய் நிற்போம். அடுத்த மூன்று நாள் மாமா அதையே சூடு பண்ணிச் சாப்பிடுவார். "கட்டிக்கிட்டாச்சு, என்ன பண்றது" என்று அவள் காதில் விழாத தூரத்தில் வைத்து என்னிடம் முணுமுணுப்பார்.

அவள் வேண்டுமென்று செய்வதில்லை. வேலை அப்படி. மருத்துவத் தகவல் அனுமதி அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், கண்ணாடி அறைக்கு வெளியே இருக்கும் மேசை அவளுடையது. ஊரிலுள்ள எல்லா ஆஸ்பத்திரிகளின் நோயாளிக் குறிப்புகளும், பெயர், முகவரி எல்லாம் நீக்கப்பட்டு, அந்த அறையின் கணினிகளுக்கு வந்து சேரும். மருந்து செய்கிறவர், ஃபோனில் ஓடும் செயலி செய்கிறவர், ஆராய்ச்சி மாணவர் என்று யார் வேண்டுமானாலும் தகுந்த காரணம் சொல்லி விண்ணப்பிக்கலாம். அனுமதி கிடைத்தால் ஃபோன், பை, பேனா எல்லாவற்றையும் வெளியே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்து வேலை செய்யலாம். ஒரு துண்டுத்தாள்கூட வெளியே வராது. செய்த வேலையின் முடிவு மட்டும் வரும். அதுவும் அக்காவின் மேசையைத் தாண்டித்தான் வரும்.

அக்கா ஒவ்வொரு அட்டவணையையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். எந்தக் கட்டத்திலாவது பத்துக்குக் குறைவான ஆட்கள் இருந்தால் எண்ணை எடுத்துவிட்டு ஒரு நட்சத்திரக் குறி போடுவாள். நாலே நாலு பேர்தான் என்று தெரிந்துவிட்டால், அந்த நாலு பேர் யார் என்று மோப்பம் பிடிக்க ஊரில் ஆள் இருக்கிறது என்பது அவள் கட்சி. மொத்தத்திலிருந்து கழித்துப் பார்த்து யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காகப் பக்கத்துக் கட்டத்தையும் சேர்த்து மூடுவாள். அலுவலகத்தில் அவளுக்குப் 'பத்தம்மா' என்று பட்டப்பெயர். காதுபடக் கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டாள். எத்தனை பேர் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டால் மட்டும் சொல்ல மாட்டாள்.

இந்த அலுவலகம் வருவதற்கு முன்பு நிலைமை வேறு. எல்லார் ஃபோனிலும் இருக்கிற செயலியை நடத்தும் பெரிய கம்பெனி, ஆஸ்பத்திரிகளோடு ஒப்பந்தம் போட்டுக் குறிப்புகளை எல்லாம் தன் வீட்டுக்கு நேரே வாங்கிக்கொண்டிருந்தது. புதிதாக யாராவது ஏதாவது செய்ய வந்தால் கதவைத் தட்டிக் கைதான் வலிக்கும். பிறகு சட்டம் வந்தது. ஒருவருக்குக் கொடுப்பதை எல்லாருக்கும் கொடு, அதே வடிவில், அதே நிபந்தனையில் என்றது. பெரிய கம்பெனியும் வரிசைக்கு வந்தது. ஆனால் பழைய ஒப்பந்தம் முடியும்வரை ஆஸ்பத்திரிகளிடமிருந்து நேரே வாங்கும் தன் பக்கக் கதவை மூட முடியாது என்று அடம் பிடித்து, அதையும் வைத்துக்கொண்டது. அக்காவுக்கு அந்தச் சட்டம் என்றால் உயிர். கம்பெனியின் பெரிய மேலாளர் ஒருவர் டை கட்டிக்கொண்டு வந்து நின்றபோது, முன்னால் இருந்த மாணவியின் வேலை முடியும்வரை அவரை நாற்பது நிமிடம் நிற்க வைத்தாள். மனிதர் உட்கார நாற்காலி கேட்டாராம். வரிசையில் எல்லாருக்கும் நாற்காலி கிடையாது என்றாளாம். இதை அவள் சொல்லவில்லை, அலுவலகத்தின் லிஃப்டைப் பழுது பார்க்கப் போனபோது நானே காதால் கேட்டது.

ஆமாம், நான் லிஃப்ட் மெக்கானிக். பெட்டியின் கூரைமேல் நின்றுகொண்டு, மேலே இருபது மாடி இருட்டையும் கீழே இருபது மாடி இருட்டையும் வைத்துக்கொண்டு கம்பிவடத்தைச் சோதிக்கிற தொழில். பத்தொன்பது வயதிலிருந்து இதில் இருக்கிறேன். அதே பத்தொன்பது வயதிலிருந்து எனக்கு இன்னொன்றும் இருக்கிறது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று மற்றவர்கள் பேச்சுக்குச் சொல்வார்கள். எனக்கு அது நோய். சில காலைகளில் கண் விழித்தால் கை கால் என் சொல் பேச்சுக் கேட்காது. ரத்தத்தில் ஓர் உப்பு திடீரென்று இறங்கிவிடுகிறது என்றார் டாக்டர். உப்புக் கரைசலைக் குடித்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஒவ்வொரு விரலாகத் திரும்பி வரும். அந்த நேரத்தில் யாராவது பார்த்தால் நான் சோம்பேறித்தனமாகப் படுத்திருக்கிறேன் என்றுதான் நினைப்பார்கள். என் மாமனார் இன்னும் அப்படித்தான் நினைக்கிறார்.

வேலையிடத்தில் யாருக்கும் சொன்னதில்லை. மோசமான காலைகளில் வயிறு சரியில்லை என்று லீவு போடுவேன். கம்பெனி முழுக்க என் வயிற்றைப் பற்றிக் கவலைப்படுகிறது. ஆனால் போன வருஷம் பெட்டியின் கூரைமேல் நிற்கும்போதே பிடி தளர ஆரம்பித்தது. இடுப்புக் கயிறு இருந்ததால் பிழைத்தேன். டாக்டரிடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினார். முன்கூட்டியே எச்சரிக்கிற ஏதாவது வழி வந்தால் லிஃப்டின் மேல் ஏறு, இல்லாவிட்டால் தரையில் வேலை தேடிக்கொள் என்றார். எனக்குத் தெரிந்தது இந்த ஒரு வேலைதான். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த வழியைச் செய்துகொண்டிருந்தவர் ஒரு நர்சம்மா. ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு, கணினி தெரிந்த தன் கணவரோடு ஒரு சலவைக் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் கம்பெனி நடத்துகிறார். கம்பெனி என்றால் அவர்கள் இரண்டு பேர், ஒரு மேசை விசிறி. கை கால் தளர்ந்துபோகிற பலவகை நோய்க்காரர்களின் பழைய குறிப்புகளைக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து படித்து, அடுத்த தளர்ச்சி எப்போது வரும் என்று முந்தின நாளே சொல்கிற செயலி ஒன்றைப் பழக்கியிருந்தார்கள். எங்கள் நோய் மாதிரி ஆளே இல்லாத நோயைப் பெரிய கம்பெனி சீந்தவில்லை. நர்சம்மா அதையும் சேர்த்துக்கொண்டார். இது எல்லாம் எனக்கு டாக்டர் சொல்லித் தெரியும். அக்காவிடம் கேட்டால் "நர்சா? எந்த நர்ஸ்?" என்பாள்.

செயலி முடிந்து, சோதனைக்குப் போகிற நேரத்தில் விவகாரம் வெடித்தது.

ஒரு திங்கட்கிழமை நர்சம்மாவின் அட்டவணை அக்காவின் மேசைக்கு வந்தது. தளர்ச்சி நோய்க்காரர்கள் மொத்தம் 412 பேர். எங்கள் நோய்க்கு எதிரே நட்சத்திரம், பக்கத்துக் கட்டத்திலும் நட்சத்திரம். அதே வாரம் வியாழக்கிழமை பெரிய கம்பெனியின் அட்டவணை வந்தது. அரிதான அந்த ஒரு நோயை நீக்கிவிட்டு மொத்தம் 405 பேர் என்றது. அதில் பத்துக்குக் குறைவான கட்டமே இல்லை, நட்சத்திரம் போட இடமே இல்லை. பார்க்கச் சுத்தமாக இருந்தது. அக்கா அனுப்பிவிட்டாள். அவள் அனுப்புகிற அட்டவணைகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழித்தால் ஏழு. பள்ளிக்கூடப் பிள்ளை போடுகிற கழித்தல். ஊரிலேயே கழித்தலுக்குப் பயப்படுகிற ஒரே பெண்பிள்ளை அதைக் கோட்டைவிட்டாள்.

பெரிய கம்பெனி உடனே புகார் கொடுத்தது. ஏழு நோயாளிகளின் அந்தரங்கம் அம்பலமாகிவிட்டது, அஜாக்கிரதையான இந்தச் சின்ன கம்பெனிக்கு அனுமதியை ரத்து செய்ய வேண்டும், நோயாளிகளின் தகவல் இனி எங்களைப் போன்ற பொறுப்பானவர்களிடம் மட்டும் இருக்க வேண்டும் என்று எட்டுப் பக்கம் எழுதியிருந்தது. நர்சம்மாவின் செயலி அப்படியே நின்றுபோனது. பெரிய கம்பெனியும் தளர்ச்சி நோய்க்கு ஒரு செயலி செய்துகொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. எங்கள் நோயை நீக்கிவிட்டுச் செய்த செயலி அது.

சட்டப்படி அந்த ஏழு பேருக்கும் கடிதம் போக வேண்டும். யார் அந்த ஏழு பேர் என்று அக்காவின் அலுவலகத்துக்குத் தெரியாது, ஆஸ்பத்திரி வழியாகத்தான் அனுப்புவார்கள். எனக்கும் வந்தது. 'தங்களைப் போன்ற நோய் உள்ளவர்கள் ஏழு பேர் என்ற விவரம் தவறுதலாக வெளியாகியுள்ளது. விசாரணையில் நேரில் வந்து கருத்துச் சொல்லலாம். பேசுகிறவரின் பெயரும் தொழிலும் பொதுப் பதிவேட்டில் இடம்பெறும்.' கீழே என் அக்காவின் கையெழுத்து. உடனே ஃபோன் போட்டேன்.

"அக்கா, நீ கையெழுத்துப் போட்ட கடிதம் ஒண்ணு வந்திருக்கு."

"எது, யாருக்கு, என்ன வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. ஃபோன வை."

வைத்துவிட்டாள். அரை மணி நேரத்தில் ஆட்டோவில் வந்து வாசலில் நின்றாள். அலுவலக அடையாள அட்டையைக் கழற்றிக் கைப்பையில் போட்டுவிட்டுத்தான் உள்ளே காலை வைத்தாள்.

"உடம்பு எப்படி இருக்கு?" என்றாள்.

"உடம்புக்கென்ன? இன்னிக்கு நான் சொல்றதக் கேக்குது."

சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். என் மனைவி கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். "அந்த நட்சத்திரத்துக்குள்ள நீ இருக்கேன்னு எனக்குத் தெரியும்டா. தெரிஞ்ச அன்னிக்கே மேலதிகாரிகிட்ட சொல்லி விலகியிருக்கணும். சொன்னா உன் நோயச் சொன்ன மாதிரி ஆயிடும். அதான் சொல்லல. உன் கட்டத்த யாரும் திறந்துடக் கூடாதுன்னு திங்கக்கிழம அத ஏழெட்டுத் தடவ பாத்தேன். வியாழக்கிழம வந்தத ஒரே தடவதான் பாத்தேன்."

"சரி விடு. விசாரணைக்கு நான் வரேன்."

"வராத." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "வராதன்னு நான் சொல்லவே கூடாது. அது குத்தம். வான்னும் சொல்லக் கூடாது. நீ எதுவும் காதுல வாங்கிக்கல, சரியா?"

"சரி."

"ஆனா வந்தா உன் பேரு பதிவேட்டுல ஏறும். உங்க சூப்பர்வைசர் பாப்பார். உன்ன மேல ஏற விடுவாரா?"

"வராம இருந்தா நர்சம்மாவோட செயலி வராது. அது வரலைன்னா நானே ஏற முடியாதுக்கா. டாக்டர் சொல்லிட்டார்."

அக்கா தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். நான் வாசல்வரை போனேன். ஆட்டோவில் ஏறும்போது, அவள் பாட்டுக்கு எங்கோ பார்த்துக்கொண்டு, "அன்னிக்குக் காலைல வயித்த காலியா வெச்சுக்காத" என்றாள். அதுவும் குற்றமா என்று எனக்குத் தெரியாது.

பதிவேட்டைப் பார்த்துச் சூப்பர்வைசர் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்வது மேல் என்று தோன்றியது. விசாரணைக்கு முந்தின நாள், உதிரிப்பாகங்கள் அடுக்கியிருக்கும் அறையில் வைத்துச் சொன்னேன். அவர் கையிலிருந்த போல்ட்டைக் கீழே வைத்தார்.

"இத்தனை வருஷமா இத வெச்சுக்கிட்டா மேல நின்னே?"

"ஆமா சார்."

"அப்ப உன் வயிறு?"

"வயிறு நல்லாத்தான் சார் இருக்கு."

அவருக்கு என் நோயைவிட அதுதான் வலித்தது. வயிற்றுக்கு என்று எத்தனை வைத்தியம் சொல்லியிருப்பார்! நாளையிலிருந்து கீழே ஃபோன் எடுக்கிற வேலை, அந்தச் செயலி வந்தால் பார்க்கலாம், வராவிட்டால் எனக்கு வேறு வழி தெரியவில்லை என்றார். என் இடுப்புக் கயிற்றை வாங்கி ஆணியில் மாட்டினார். அவரைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. ஆனால் அந்தக் கயிறு என் இடுப்பில் இல்லாமல் நடந்தபோது பாதி உடம்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்தது போல் இருந்தது.

விசாரணை அறையில் நீளமான மேசை, தண்ணீர் பாட்டில்கள், பேசும்போது சிவப்பு விளக்கு எரிகிற மைக். தலைவர் அம்மா நடுவில். ஒரு பக்கம் நர்சம்மாவும் கணவரும், இருப்பதிலேயே நல்ல உடையில். மறுபக்கம் பெரிய கம்பெனியின் வக்கீல், அவருக்குப் பின்னால் கோப்புகளைத் தூக்க மட்டுமே நாலு பேர். ஓரமாக அக்கா, பரீட்சை எழுத வந்தவள் மாதிரி கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

வக்கீல் எங்களுக்காக உருகினார். "அந்த ஏழு அப்பாவிகளோட மனநிலைய நெனச்சுப் பாருங்க. ராத்திரி தூக்கம் வருமா அவங்களுக்கு?" என்று கர்சீப்பை எடுக்காத குறையாகக் கேட்டார். முதலைக்குக்கூட இவ்வளவு கண்ணீர் வருமா என்று நினைத்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நோயை நீக்கிவிட்டுச் செயலி செய்தவர்களுக்கு நோயாளிமேல் இப்போது என்ன பாசம்?

"சம்பந்தப்பட்டவங்க யாராவது வந்திருக்கீங்களா?" என்று தலைவர் அம்மா கேட்டார்.

கையைத் தூக்கினேன். நல்ல வேளை, அது தூக்கிக்கொண்டது.

மைக்குக்கு முன்னால் போய்ப் பெயரும் தொழிலும் சொன்னேன். "ஏழு பேர்ல நான் ஒருத்தன். தூக்கமெல்லாம் நல்லாத்தான் வருது. எழுந்திருக்கறதுதான் கஷ்டம்" என்றேன். யாரோ சிரித்தார்கள். "எனக்கு ஒண்ணே ஒண்ணு கேக்கணும்மா. கழிச்சாத்தானே ஏழு வருது? கழிக்கறதுக்கு ரெண்டு அட்டவணை வேணும்ல? ஒண்ணு நர்சம்மாவோடது, ஒண்ணு இந்த வக்கீலோட கம்பெனியோடது. அப்புறம் ஏன் அவங்க கதவ மட்டும் பூட்டணும்? இவர் அட்டவணை வராம இருந்திருந்தா ஏழுன்னே தெரிஞ்சிருக்காது. பூட்டறதுன்னா ரெண்டையும் பூட்டுங்க, இவரோட பக்கக் கதவையும் சேத்து. திறக்கறதுன்னா ரெண்டு பேருக்கும் ஒரே கதவத் திறங்க. எனக்கு அந்தச் செயலி வேணும். அது இல்லாம இன்னிலேருந்து எனக்கு லிஃப்ட் வேலையில்ல."

வக்கீல் ஏதோ சொல்ல எழுந்தார். அதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "நானும் ஏழுல ஒருத்தி." ஒரு டீச்சர். அவருக்குப் பின்னால் ஒரு தையல்காரர், கழுத்தில் அளவு நாடாவைக் கழற்ற மறந்தபடியே எழுந்து நின்றார். இரண்டு பேரும் வரப்போகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது, அவர்களுக்கே ஒருவரை ஒருவர் தெரியாது. இரண்டு பேருமே செயலி வேண்டும் என்றார்கள்.

கடைசியில் அக்கா எழுந்தாள். நான் என் வாயால் சொல்லிவிட்ட பிறகு அவளுக்கு இருந்த பூட்டு கழன்றுவிட்டது. "அவர் என் தம்பி" என்றாள். "நான் விலகியிருக்கணும், விலகல. ரெண்டு அட்டவணையையும் ஒண்ணா வெச்சுப் பாத்திருக்கணும், பாக்கல. தப்பு என்னோடது. நர்ஸ் அம்மாவோடது இல்ல." குரல் பிசிறவில்லை.

ஒரு மணி நேரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. இரண்டு அட்டவணைகளும் திரும்பப் பெறப்படும். நர்சம்மாவின் அனுமதி தொடரும், செயலி சோதனைக்குப் போகலாம். பெரிய கம்பெனியின் பக்கக் கதவு அடுத்த மாதத்தோடு மூடப்படும், அவர்களும் பேனாவைப் பெட்டியில் வைத்துவிட்டுக் கண்ணாடி அறைக்கு வர வேண்டும். அக்காவுக்குக் கண்டனக் கடிதம். அதை அங்கேயே கையில் கொடுத்தார்கள்.

நானும் டீச்சரும் தையல்காரரும் வெளியே நடைபாதையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"உங்களுக்குக் காலா முதல்ல, கையா?" என்று டீச்சர் கேட்டார்.

"கால்."

"எனக்குக் கை. சாக்பீஸ் நழுவும். அப்பவே தெரிஞ்சுடும்."

"எனக்குக் கத்தரிக்கோல்" என்றார் தையல்காரர்.

என் வாழ்க்கையில் இந்தக் கேள்வியை விஷயம் தெரிந்து கேட்ட முதல் ஆட்கள் இவர்கள். அதன்பிறகு எங்கள் வாயை மூட முடியவில்லை. சோம்பேறி என்று யார் யார் சொன்னார்கள், உப்புக் கரைசலின் நாற்றத்தை எப்படிச் சகிப்பது, படுத்த வாக்கில் கதவு மணி அடித்தால் என்ன செய்வது என்று மாற்றி மாற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தபோது அக்கா கடிதத்தோடு வெளியே வந்தாள். எங்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

டீச்சர் அவளிடம், "உங்க கடிதம் வர்ற வரைக்கும், இருபத்தாறு வருஷமா, இந்த ஊர்ல எனக்கு மட்டும்தான் இதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேங்க" என்றார்.

அக்கா பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கண் நிரம்பிவிட்டது, துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. "ஊருக்குத் தெரியக் கூடாதுன்னுதான் மறைச்சேன். உங்களுக்கே தெரியாம மறைச்சிருக்கேன்."

"மீதி நாலு பேரு?" என்றார் தையல்காரர். "அவங்கள எப்படிங்க கண்டுபிடிக்கறது?"

"நான் தேட முடியாது, தேடவும் கூடாது. ஆனா அவங்க உங்களத் தேடி வர்ற மாதிரி ஒண்ணு எழுதி ஆஸ்பத்திரி வழியா அனுப்பலாம். இஷ்டப்பட்டவங்க வரட்டும். அதுக்குச் சட்டத்துல தடை எதுவும் இல்ல." பேனாவை எடுத்தாள். தாள் தேடினாள், கிடைக்கவில்லை. கையிலிருந்த கண்டனக் கடிதத்தைத் திருப்பி, மடியில் வைத்து, அதன் பின்பக்கம் எழுதினாள்.

எழுதிவிட்டு, "சரியா இருக்கான்னு பாரு" என்று என்னிடம் நீட்டினாள். 'உங்களுக்கு இருப்பது இந்த ஊரில் இன்னும் ஆறு பேருக்கு இருக்கிறது' என்று ஆரம்பித்திருந்தாள். நான் படித்துவிட்டு டீச்சரிடம் கொடுத்தேன்.